கொட்டகையிலே உறங்கும் வண்டி

மோட்டார் வண்டி ஊருக்கு ஒன்றோ இரண்டோ என்றிருந்த காலத்திலே அதனைத் தொடக்குவது ஒரு சடங்கு போலவே நடைபெற்றது. சாரதி முன்புறம் வந்து குனிந்து, இரும்புக் கைப்பிடியைத் துளையிற் செருகி, ஒரே மூச்சிற் சுழற்றுவார். எஞ்சின் எதிர்த்து உதைத்தாற் கைப்பிடி பின்னோக்கிப் பாய்ந்து மணிக்கட்டை முறித்துவிடும். ஆதலாற் பெருவிரலையும் மற்றை விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்ளும்படி பழையவர்கள் இளைஞருக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். 1912 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கடிலாக் வண்டியிலே சாள்ஸ் கெற்றறிங் என்பவர் அமைத்த மின்தொடக்கி வந்த பின்னர் அச்சடங்கு மெல்ல மெல்ல மறைந்தது. திறப்பைத் திருப்பினாற் போதும் என்றாயிற்று. இன்று திறப்பையும் திருப்ப வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தினாற் போதும். ஆனால் அன்று மனிதனின் தோள் செய்த வேலையை இன்று செய்வது ஈயமும் அமிலமும் அடங்கிய ஒரு பெட்டி. அப்பெட்டி சோர்ந்துவிட்டால், பல இலட்சம் பெறுமதியான வண்டி வெறும் தகரமாய் நிற்கும்.

வட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து அம்மையார் ஒருவர் எமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கின்றார். மகன் கனடாவிலே. தந்தையார் இருதய நோயாளி. மாதம் ஒருமுறை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் சென்று காட்ட வேண்டியவர். பஸ்ஸில் அலைய வேண்டாம் என்று மகன் யப்பானிய வண்டி ஒன்றை வாங்கிக் கொடுத்துச் சென்றிருக்கின்றார். அந்த வண்டி மாதத்தில் ஒரு நாள் ஓடும். இருபத்தொன்பது நாள் கொட்டகையில் உறங்கும். இவ்வாண்டில் நான்கு முறை அது எழுந்திருக்க மறுத்துவிட்டதாம். நான்காவது முறை நள்ளிரவு. கணவருக்கு நெஞ்சிலே ஒரு இறுக்கம். அவர் தாமே எழுந்துபோய், டோர்ச் வெளிச்சத்தில் வண்டியின் மூடியைத் திறந்து அரைமணி நேரம் போராடியிருக்கின்றார். பின்னர் அயல்வீட்டுப் பையன்களோடு சேர்ந்து தள்ளியும் பார்த்திருக்கின்றார். ஈற்றில் ஒரு முச்சக்கர வண்டிதான் அவரை வைத்தியசாலையிற் சேர்த்தது. “வண்டியைக் காணும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகின்றது. விற்போம் என்றால், பிள்ளையின் மனம் நோகும் என்கின்றார் இவர். ஐயா, நாங்கள் என்ன செய்வது?” என்று கேட்கின்றார் அம்மையார்.

கடிதம் ஒருவருடையதாயினும் நிலைமை பல வீடுகளுக்கு உரியது. பிள்ளைகள் கடல் கடந்து வாழ, பெற்றோர் இருவர் மட்டும் காவலிருக்கும் வீடுகளில், பிள்ளையின் அன்பு ஒரு வண்டியின் உருவிலே முற்றத்தில் நின்றுகொண்டிருக்கும். ஆகவே விரிவாகவே எழுதுவோம்.

அவசரமானதை முதலிற் கூறிவிடுகின்றோம். நெஞ்சு வலிக்கும் ஒருவர் வண்டியைத் தள்ளுதல் ஆகாது. அதன் மூடியைத் திறந்து ஆராய்தலும் ஆகாது. நோயாளியை அசையாது இருத்திவிட்டு, தொலைபேசியில் 1990 என்ற இலக்கத்தை அழைக்க வேண்டும். சுவசெரிய என்னும் இந்த அம்புலன்ஸ் சேவை 2016 ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களிலே தொடங்கி, 2018 ஆம் ஆண்டில் வட மாகாணத்துக்கும் வந்தது. கட்டணம் இல்லை. பயிற்சி பெற்றவர் உடன் வருவார், பிராணவாயுவும் இருக்கும். வீட்டு வண்டி உடனே எழும்பி ஓடினாலும் அதில் இவை இல்லை. அன்றியும், கண் மங்கிய முதியவரோ, கலங்கிய மனத்தோடு மனைவியோ, இருட்டில் ஒழுங்கைகளினூடாக ஓட்டிச் செல்லும் வண்டியிலே இன்னொரு விபத்தும் ஏறிக்கொண்டு போகின்றது. எனவே வண்டி நோயாளியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோவதற்கு, அம்புலன்ஸ் நள்ளிரவுக்கு. இந்தப் பிரிவினை வீட்டிலே முன்கூட்டியே பேசி முடிவு செய்யப்பட்டிருத்தல் வேண்டும். நள்ளிரவிலே கூடிப் பேசி எடுக்கும் முடிவு பெரும்பாலும் நல்ல முடிவாக இருப்பதில்லை.

இனிப் பற்றறிக்கு வருவோம்.

1859 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டவரான கஸ்ரன் பிளான்ரே என்பவர் ஈயத் தகடுகளை அமிலத்தில் அமிழ்த்தி, மின்னைச் சேமித்துத் திருப்பித் தரும் கலத்தை அமைத்தார். இன்றைய வண்டிகளிலுள்ள பற்றறியும் அடிப்படையில் அதுவே. ஆறு கலங்கள் அடுத்தடுத்து இணைந்திருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு வோல்ற்றுக்குச் சற்று மேல். எல்லாம் சேர்ந்து நிறைந்த நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ற்று. அது 12 வோல்ற்றுக்கு இறங்கிவிட்டால், பாதிக்கு மேல் வெறுமையாகிவிட்டது என்று கொள்க. கேட்பதற்கு அரை வோல்ற்றுத்தான். ஆயின் எஞ்சினைச் சுழற்றுவதும் சுழற்றாததும் அந்த அரை வோல்ற்றிலே தங்கியிருக்கின்றது.

“ஓடாத வண்டியில் மின் எப்படிச் செலவாகும்?” என்று அம்மையார் வினாவுகின்றார். நல்ல வினா. பழைய மொறிஸ் மைனரை நிறுத்தினால் அது உண்மையாகவே உறங்கிற்று. இன்றைய வண்டியோ கண்ணை மூடிக்கொண்டு விழித்திருக்கின்றது. கடிகாரம், திருட்டை அறிவிக்கும் மணி, கணினிகள், திறப்பின் வருகையை எதிர்பார்த்துக் காத்திருக்கும் கருவி எல்லாம் துளித்துளியாக மின்னைப் பருகிக்கொண்டிருக்கும். ஓர் அம்பியரின் நூறில் மூன்று பங்கே செலவாகின்றது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு முக்கால் அம்பியர் மணிக்குச் சற்றுக் குறைவு; மாதத்துக்கு ஏறக்குறைய 22 அம்பியர் மணி. சிறு வண்டியின் பற்றறி முழுதும் நிறைந்திருந்தாலும் 35 அல்லது 45 அம்பியர் மணிதான் கொள்ளும். மாதம் முடிய அம்மையாரின் கணவர் பொத்தானை அழுத்தும் வேளையில் பாதிப் பானை வெறும் பானை. திறப்பை வண்டியின் அருகே கொழுவி வைப்பவர்களுக்கு இன்னும் மோசம். பல வண்டிகள் அத்திறப்பைக் கண்டு அடிக்கடி விழித்தெழும். திறப்பு வீட்டின் உள்ளறையில் இருக்கட்டும்.

வெறுமையாகக் கிடப்பது பற்றறிக்கு வெறும் பசியன்று, நோயும் ஆகும். மின் இறங்கும்போது தகடுகளின்மேல் ஈயச் சல்பேற்றுப் படிகின்றது. உடனே மின்னேற்றினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கிற் கிடந்தால் கெட்டிப்பட்டுப் பளிங்காகிவிடும்; பின்னர் எவ்வளவு மின் ஏற்றினும் முழுமையாகக் கரையாது. நான்கு முறை செத்து எழும்பிய பற்றறி, ஐந்தாம் முறையும் எழும்பும் என்று நம்பியிருக்கலாகாது.

இதனை நாடு முழுவதும் ஒருங்கே கண்டது 2020 ஆம் ஆண்டிலே. மார்ச் மாதத்தில் ஊரடங்கு வந்து வண்டிகள் வாரக்கணக்கில் நின்றபோது, திறந்துவிட்ட அன்று பற்றறிக் கடைகளின் முன் வரிசை நின்றது. 2022 ஆம் ஆண்டில் எரிபொருள் இல்லாமற் போனபோது மீண்டும் அதே கதை. கியூ ஆர் அட்டை வந்து, வாரத்துக்கு அளந்து பெற்றோல் கொடுத்த நாள்களில், பெற்றோலை மிச்சம் பிடிப்பதற்காக வண்டியை நிறுத்தியவர்கள் பின்னர் பற்றறிக்குப் பணம் கொடுத்தார்கள்.

எமது வெப்பமும் இதற்குத் துணைபோகின்றது. குளிர் நாட்டிலே பற்றறி பனிக்காலத்தில் மடங்கிவிடும் என்பர். உண்மையில் அதன் ஆயுளைத் தின்பது வெப்பம். 25 பாகைக்கு மேலே ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழிலறிந்தோர் கூறும் கணக்கு. மத்தியானத்திலே தகரக் கூரையின் கீழ் நிற்கும் வண்டியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எம் முன்னோர் போட்ட கிடுகுக் கொட்டகை, அழகிற் குறைந்ததாயினும், பற்றறிக்கு நல்லது.

வண்டி எழும்பாத காலையிலே முதற் செய்ய வேண்டியது காதைத் தீட்டிக்கொள்ளுதல். “டிக், டிக்” என்று விரைவாகச் சத்தம் கேட்டு, விளக்குகள் மங்கினால், பற்றறி சோர்ந்துவிட்டது. விளக்குகள் பிரகாசமாக எரிந்தும் எஞ்சின் சுழலாவிட்டால், தொடக்கியிலோ வயர்களிலோ கோளாறு. எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளாவிட்டால், பற்றறியைக் குறை கூறுதல் அநியாயம். பெற்றோலைப் பார்க்க வேண்டும். பற்றறியின் முடிவிடங்களில் வெண்மையும் பச்சையுமாகப் பூத்திருப்பதையும் கவனிக்க. அப்பூவே மின்னைத் தடுக்கும். வெந்நீரில் அப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு அகன்றுவிடும்; துடைத்து உலர்த்தி, இறுக்கிப் பூட்டி, சிறிது வசலீன் தடவிவிடலாம். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதனையே இறுதியிலும் செய்க. கைவிரல் மோதிரத்தையும் காப்பையும் கழற்றி வைத்தல் அவசியம். பொன் நல்ல மின்கடத்தி. ஸ்பனருக்கும் இரும்புக்கும் இடையில் அகப்பட்ட மோதிரம் ஒரு கணத்திற் சிவந்துவிடும்.

தள்ளித் தொடக்கும் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிளச்சும் கியரும் கையாலும் காலாலும் இயங்கும் வண்டியையே தள்ளித் தொடக்கலாம். இரண்டாம் கியரிலே போட்டு, கிளச்சை அமுக்கி, வேகம் வந்ததும் விட வேண்டும். நுவரெலியாவில் இருப்போர் வண்டியை இறக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டுக் காலையில் வெறுமனே உருட்டி விடலாம். யாழ்ப்பாணத்தவருக்கோ இறக்கம் இல்லை. பெயரளவிலே கீரிமலை உண்டு, மலைதான் இல்லை. தன்னியக்கக் கியர் உள்ள வண்டியையும், பெற்றோலும் மின்னும் கலந்தோடும் ஹைபிரிட் வண்டியையும் ஊரே திரண்டு தள்ளினாலும் எழும்பாது. அம்மையாருடைய வண்டி தன்னியக்க வண்டி. அன்றிரவு அந்த இருதயம் பட்ட பாடு முழுவதும் வீண்.

அப்படியாயின் வேறொரு வண்டியின் பற்றறியிலிருந்து கடன் வாங்குவதே வழி. இதற்கு ஜம்பர் வயர் இரண்டு வேண்டும். தடித்தவையாக இருக்க வேண்டும். கடையிலே மலிவாகக் கிடைக்கும் மெல்லியவை சூடேறுமேயன்றி உதவா. இரு வண்டிகளும் அருகருகே நிற்கலாம், ஒன்றையொன்று தொடலாகாது. சிவப்பு வயரின் ஒரு முனையைச் சோர்ந்த பற்றறியின் நேர்முனையிலும், மறுமுனையை நல்ல பற்றறியின் நேர்முனையிலும் பூட்டுக. கறுப்பு வயரை நல்ல பற்றறியின் எதிர்முனையிற் பூட்டி, அதன் மறுமுனையைச் சோர்ந்த வண்டியின் எஞ்சினிலே வர்ணம் பூசாத இரும்பில், பற்றறிக்குத் தூரமாகப் பூட்டுக. கடைசித் தொடுகையிலே பொறி பறப்பதுண்டு. பற்றறியிலிருந்து கசியும் ஐதரசன் வாயு அப்பொறியாலே வெடிக்கக்கூடும். அதனாற்றான் தூரம். இதே காரணத்தாற் பற்றறியின் அருகே சுருட்டோ குப்பி விளக்கோ ஆகாது. நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டபின் சோர்ந்த வண்டியைத் தொடக்கலாம். எழுந்த பின்னர் பூட்டிய ஒழுங்கிற்கு எதிர் ஒழுங்கிலே கழற்றுக.

பற்றறியைத் தேடியும் காணாதோர் பலர். சில ஹைபிரிட் வண்டிகளில் அது பின்னிருக்கையின் கீழோ, பின்பெட்டியின் ஓரத்திலோ ஒளிந்திருக்கும். அவற்றிற் பெரும்பாலானவற்றுக்கு முன்மூடியின் உள்ளே, சிவப்பு மூடியிட்ட நேர்முனை ஒன்று இதற்காகவே வைத்திருப்பார்கள். ஹைபிரிட் வண்டி பிறருக்குக் கடன் கொடுப்பதைத் தயாரிப்பாளர் பலர் விலக்கியிருக்கின்றனர். வண்டியோடு வந்த நூலைப் பார்க்க. கதவே திறக்காவிடில், பொத்தான் திறப்பின் வயிற்றுக்குள் ஒரு சிறு இரும்புத் திறப்பு மறைந்திருக்கும். அது இருப்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் வண்டி ஓட்டுவோரும் உளர்.

பழைய மொறிஸ் மைனரோ ஒஸ்டினோ வைத்திருப்பவர்கள் மேலே கூறியதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாகாது. அக்காலத்துப் பிரித்தானிய வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் நேர்முனையே வண்டியின் உடலோடு பூட்டப்பட்டிருந்தது. இன்றைய வண்டியோடு அவசரப்பட்டு இணைத்தால் இரண்டுக்கும் கேடு. அவர்களுக்கு வேறொரு பாக்கியம் உண்டு: முன்னே துளை இருக்கின்றது, கைப்பிடியும் பின்பெட்டியிலே கிடக்கும்.

அந்தப் பழைய வண்டிகளை எள்ளுவோர் 1990 ஆம் ஆண்டுக்குப் பின்னான யாழ்ப்பாணத்தை நினைத்துப் பார்க்கலாம். மின்சாரம் நின்றது, பெற்றோலும் பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைத் தொடக்கி, பின்னர் மண்ணெண்ணெயிலே ஓட்டினார்கள். நோயாளியும் மணமக்களும் அந்தப் புகையினூடேதான் சென்றார்கள். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னிலே வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் எத்தனை! செய்தி முடியும்வரை கை ஓயலாகாது. ஒரு பற்றறி என்பது என்ன என்பதை அத்தலைமுறைக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இன்று கொட்டகையிலே பற்றறி சாகவிடுவோரும் பெரும்பாலும் அதே தலைமுறையினர்தாம் என்பது வியப்பே.

இனி அம்மையாருக்கு. பற்றறியின்மேல் ஒட்டியுள்ள திகதியைப் பாருங்கள். மூன்றாண்டு கடந்திருந்தால், நான்கு முறை செத்ததையும் சேர்த்து, புதிதொன்று வாங்குவதே முறை. சில பற்றறிகளின் மேலே ஒரு சிறு கண்ணாடிக் கண் பச்சையாகத் தோன்றும். அதை முழுதும் நம்ப வேண்டாம், அது ஆறு கலங்களில் ஒன்றை மட்டுமே பார்க்கின்றது. புதியதைப் போட்டபின், மெக்கானிக்கைக் கொண்டு எஞ்சின் ஓடும்போது பற்றறி முனைகளில் ஏறத்தாழ 14 வோல்ற்று வருகின்றதா என்று அளக்கச் செய்க. வராவிட்டால், மின்னை உண்டாக்கும் அல்டர்னேற்றர் பழுது. புதுப் பற்றறியும் பழையதன் வழியே போகும்.

அதன் பின்னர் வாரம் ஒருமுறையாவது வண்டி ஓட வேண்டும். முற்றத்திலே ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவது ஓட்டமன்று. வாரம் முழுவதும் இழந்தது அவ்வளவில் மீளாது. அரைமணி நேரமேனும் வீதியிலே செல்ல வேண்டும். பொன்னாலையாற் பாலம் கடந்து காரைநகர்ச் சிவன் கோயிலுக்குப் போய் வருவது இதற்கு மிகப் பொருத்தமான தூரம். பகலில், வீதி வெறிச்சென்றிருக்கும் வேளையில், கணவரே ஓட்டலாம். அவரால் இயலாத வாரத்தில் அனுமதிப்பத்திரம் உள்ள அயல்வீட்டுப் பிள்ளை ஒருவரைக் கேளுங்கள். காப்புறுதி அவர் ஓட்டுவதையும் தாங்குமா என்று முதலிலே விசாரித்துக்கொள்க. ஓட்ட ஆள் இல்லையாயின், வீட்டு மின்சாரத்திற் பூட்டி மெதுவாக ஏற்றிக்கொண்டேயிருக்கும் சிறு மின்னேற்றி ஒன்றை மகனிடமே கேட்கலாம். அடுத்த முறை வரும்போது சொக்கிலேற்றுப் பெட்டிக்குப் பதிலாக அதைக் கொண்டுவரட்டும்.

விற்பதா என்ற வினாவுக்கு எமது கருத்தை ஒளிக்காமற் கூறுகின்றோம். கோபத்திலே விற்க வேண்டாம். 2020 ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்திலே பழைய வண்டிகளும் பொன்விலைக்குப் போயின. அவ்விலையிலே வாங்கியதை அவசரத்தில் விற்றால் மகனுக்கு இருமுறை நட்டம். ஆனால் ஆறு மாதம் பாருங்கள். அந்த ஆறு மாதத்திலும் வண்டி மாதம் ஒரு நாள்தான் ஓடிற்று எனில், விற்றுவிட்டுக் கிளினிக் நாளுக்கு நம்பிக்கையான வாடகைக் கார் ஒன்றை ஒழுங்கு செய்வதே அறிவுடைமை. மகனுக்கு உண்மையை எழுதுங்கள். அன்றிரவு நடந்ததை முழுவதும் எழுதுங்கள். பிள்ளைகள் வருந்துவார்கள் என்று அதனை மறைத்திருப்பீர்கள் என்றே எண்ணுகின்றோம். வண்டி விற்கப்பட்டது என்பதிலும், தந்தை நெஞ்சு வலியோடு அதைத் தள்ளினார் என்பதே அவர் மனத்தை அதிகம் நோகச் செய்யும். அதை அறிந்த பின்னர் விற்பதைத் தடுக்கும் மகன் இருக்க முடியாது.

பழைய பற்றறியைப் பற்றி ஒன்று. அதைக் கோடியிலே எறியவோ, உடைத்து ஈயம் எடுக்கவோ ஒருவருக்கும் இடம் கொடாதீர்கள். உள்ளே இருப்பது சல்பூரிக்கமிலம், அதனோடு ஈயம். எமது நிலத்தின் அடி சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றியது வெடிப்புகளால் இறங்கி உங்கள் கிணற்றிலும் அயலவர் கிணற்றிலும் ஊறும். புதிது விற்கும் கடைக்காரரே பழையதை விலைக்கு எடுத்துக்கொள்வார். முச்சக்கர வண்டியிற் கொண்டு செல்லும்போது, இருக்கையின்மேல் வைக்காமல், கால் வைக்கும் தரையிலே சாக்கை விரித்து, சாயாதபடி நிமிர்த்தி வையுங்கள். நல்ல சேலை உடுத்திக்கொண்டு உடன் போக வேண்டாம்.